பதினெட்டு ஊசிகள்

அத்தியாயம் பதினொன்று

ஸ்கேன் அறைக்கு வெளியே, அந்த நீல நாற்காலியில் ஐஸ்காரரை உட்கார வைத்துவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். பாவம் மனுஷர், இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மருமகளின் ஃபைலும் மிச்சமிருக்கிற ஊசிப் பெட்டிகளும்.

ஐஸ்காரர் என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். முப்பத்தெட்டு வருஷம் ஐஸ் ஃபேக்டரியிலும் குளிர்பதனக் கிடங்கிலும் மெஷின் பார்த்தவர். ரிட்டையரான மறுநாளே வீட்டுக் கீழ்த்தளத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை போட்டுவிட்டார். சும்மா இருக்கிற ஜாதி இல்லை.

தலைக்கு மேல் ஓடிய ஏசியில் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. ஃபேன் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அவர் காது தானாகவே கண்டுபிடித்துச் சொல்லிற்று. உள்ளே மருமகளுக்கு ஸ்கேன் நடந்துகொண்டிருக்கும்போதும் இந்தக் காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. அவருடைய ஒரே மகனுக்குச் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலை. ஏறினால் ஒன்பது மாசம் வீடு கிடையாது. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் வெளியே வைத்து உருவாக்கிக் கொடுத்த கரு நான்கு. முதலாவது ஒட்டவே இல்லை. இரண்டாவது ஒன்பதாம் வாரத்தில் போயிற்று. அதற்கப்புறம்தான் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மருமகளின் ரத்தம் லேசில் கட்டி தட்டிவிடுகிற ரகம், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கட்டிகள் கருவுக்குப் போகிற வழியை அடைத்துவிடும் என்று தெரிந்தது. மூன்றாவதை வைத்த நாளிலிருந்து தினம் ஓர் ஊசி. ரத்தத்தைக் கட்ட விடாத ஊசி. வயிற்றுச் சதையைப் பிடித்து அவளே போட்டுக்கொள்ள வேண்டும்.

மகன் கடலில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து போகிற வேலை மாமனார் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது, அவரே ஆசையாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது.

"ஐயா, உள்ள வாங்க. மருமக உங்களையும் கூப்பிடறாங்க," என்றாள் நர்ஸ்.

மருமகள் கட்டிலிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால்கூட அவருக்கு இத்தனை பயமாக இருந்திருக்காது.

"துடிப்பு இல்ல மாமா."

"என்னம்மா சொல்ற? போன தடவை லேசா தெரியுதுன்னாங்களே?"

டாக்டரம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "போன தடவை பை மட்டும்தான் தெரிஞ்சுது பெரியவரே. ஆறு வாரத்தோட வளர்ச்சி நின்னு போச்சு. நின்னு ஒரு வாரம் ஆகியிருக்கும்."

ஐஸ்காரர் ஸ்கேன் திரையைப் பார்த்தார். அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கலாக இருந்தது. அதற்குள் எங்கே பார்ப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நடுவுல ஒரு நாளாவது ஊசி விட்டுப் போச்சாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"இல்ல டாக்டர். தினம் சாயங்காலம் ஏழு மணி. மாமாதான் எடுத்துக் குடுப்பாங்க. ஒரு நிமிஷம் பிந்தினது கிடையாது."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிலையிலும் ஐஸ்காரரின் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் அதற்காக அவர் கூனிக் குறுகப் போகிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

"அப்படின்னா நான் மறைக்காம சொல்லிடறேன். முதல் ரெண்டு தடவையும் காரணம் தெரியாம வச்சோம். இந்தத் தடவை காரணம் தெரிஞ்சு, மருந்தோட வச்சோம். மருந்து ஒழுங்கா உள்ள போயும் நிக்கலைன்னா, உங்க உடம்புக்கு இந்த மருந்து கேக்கலைன்னுதான் நான் எடுத்துக்கணும். மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதையும் வச்சுப் பாருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கும் ஆபத்து இருக்கும்மா. கால்லயோ நெஞ்சுலயோ கட்டி போய் அடைச்சா உயிருக்கே உலை வச்சுடும்."

"அந்த ஒண்ணுக்கு ஒரு படிவம் குடுத்திருந்தீங்களே?" என்று மருமகள் கேட்டாள்.

"அந்தக் கருவை உறைய வச்சபடியே வச்சிருக்கணுமா, விட்டுடலாமான்னு கேக்கற படிவம். இந்த வாரக் கடைசிக்குள்ள குடுத்தாப் போதும். நல்லா யோசிங்க, அவசரமே இல்ல."

"யோசிக்க என்ன இருக்கு டாக்டர்? விட்டுடுங்க," என்றாள் மருமகள். தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "அவர் கப்பல் ஏறும்போதே கையெழுத்துப் போட்டு என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டார். நீ என்ன சொல்றியோ அதுதான்னு சொல்லிட்டார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு டீ குடிக்க விடும்போது கொண்டு வந்து குடுத்துடறேன்."

அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

"இன்னிக்குமா வேலைக்குப் போற?" என்றார் ஐஸ்காரர்.

"வீட்ல படுத்தா நினைப்பு வரும் மாமா."

வியாழக்கிழமை வந்து வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதுவரை ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தாள். மருமகள் முகம் கழுவப் போனாள். ஐஸ்காரர் மிச்ச ஊசியைக் காட்டுவதற்காக நர்ஸின் மேசைக்குப் போனார்.

நர்ஸ் வாயாடி, ஆனால் நல்லவள். பெட்டிகளை எடுத்து எண்ணினாள். "அம்பது குடுத்தோம். முப்பத்தொண்ணு போயிருக்கு. கணக்குக் கச்சிதமா இருக்கு ஐயா. உங்களை மாதிரி ஒரு மாமனார் எனக்கு வாய்க்கலையே!" என்றாள். பிரிக்காத பெட்டியைத் தனியே எடுத்து வைத்தாள். "இந்தப் பெட்டியைக் குடுத்துட்டுப் போங்களேன். வாங்க வழியில்லாம தினமும் ரெண்டு பேராவது வந்து நிக்கறாங்க, அவங்களுக்காவது உதவும். எங்க வச்சிருந்தீங்க? அலமாரியிலதானே?"

"ஃப்ரிட்ஜ்ல."

"ஃப்ரிட்ஜா? இதுக்கு எதுக்கு ஃப்ரிட்ஜு? சரி, உறையலையே? ஒரே ஒரு தடவை உறைஞ்சிருந்தாக்கூடக் குப்பையிலதான் போடணும். அப்புறம் அது மருந்துன்னு சொல்லவே முடியாது."

ஐஸ்காரர் அவள் கையிலிருந்த பெட்டியையே பார்த்தார்.

பதினெட்டு நாளைக்கு முந்தைய ஒரு விடியல் இது. வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும். முன்பு போட்ட ஹார்மோன் ஊசிகளைக் குளிரில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்காகப் பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிரித்து, தெர்மோஸ்டாட் மாற்றி, நாலு டிகிரியில் நிறுத்தினார். கால் டிகிரி அசையவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த ஊசி வந்தபோது இதே நர்ஸ்தான், "சூடு படாம அலமாரியில வச்சாப் போதும்" என்று சொன்னாள். அலமாரியா? ஐஸ்காரர் வீட்டு மருந்து அலமாரியிலா? கேட்கவே அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. தன்னுடைய ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்தார்.

அந்த விடியலில் கடையைத் திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டின் உள்முனை ஒட்டிக்கொண்டு, கம்ப்ரஸர் இரவெல்லாம் நிற்காமல் ஓடியிருந்தது. அட்டைப் பெட்டிகள் மேலெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஓர் ஊசியை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். கண்ணாடிக் குழாய்க்குள் மருந்து கல்லாக நின்றது.

ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. அப்புறம் அவருடைய முப்பத்தெட்டு வருஷ மூளை வேலை செய்தது. உறைந்தது கெட்டதாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது, உருகினதுதான் கெடும். இதே ஆஸ்பத்திரியில் அந்தக் கருக்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, பெரிய எஃகு டாங்கைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி, பூஜ்ஜியத்துக்குக் கீழே. உயிரையே அப்படி வைத்து எடுத்துக் கொடுக்கிறார்கள், தண்ணீர் மாதிரி இருக்கிற மருந்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று முடிவு கட்டினார். ஊசிகளைத் துணி விரித்துப் பரப்பினார். பத்து மணிக்கெல்லாம் உருகி, பளிச்சென்று முன்பு இருந்த மாதிரியே இருந்தது. பெட்டிக்குள் அடுக்கினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், வாயை மூடிக்கொண்டார். தன் கையால் போட்ட தெர்மோஸ்டாட் காலை வாரிவிட்டது என்று யாரிடம் சொல்வது? சிரிக்க மாட்டார்களா?

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவைத் தட்டி ஊசியை நீட்டினார். மறுநாளும் நீட்டினார். அப்படி எடுத்துக் கொடுத்தது மொத்தம் பதினெட்டு.

"ஐயா? உறையலையேன்னு கேட்டேன்."

"அது... இல்ல," என்றார். சொல்லிவிட்டு, நர்ஸின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்தார். "இது வீட்லயே இருக்கட்டும்மா. வேணும்."

"எதுக்கு? இனிமே போடவே..." நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டாள். அல்பம் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஐஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அவர் மனைவி வாசலிலேயே நின்றாள். மருமகள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மருமகள், "இல்ல அத்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவளுக்கும் ஆசை இருக்காதா? எட்டு வருஷமாக நாளை எண்ணிக்கொண்டிருப்பவள். அழுது முடித்த பிறகு ஆரம்பித்தாள்.

"டாக்டர் என்னதான் சொல்றாங்க?"

"மருந்து கேக்கலையாம்."

"கேக்காது. எப்படிக் கேக்கும்? இத்தனை ஊசி போட்டும் நிக்கலைன்னா அப்புறம் ஊசியைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த உடம்புல எதுவும் தங்காது. அவ ரத்தமே அப்படி. நம்ம பையனுக்குன்னு வந்து வாய்ச்சுது பாருங்க."

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? இல்லாததையா சொல்றேன்?"

சாத்திய கதவுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. கேட்டிருப்பாள் என்று ஐஸ்காரருக்குத் தெரிந்தது. நிறுத்துடி, தப்பு அவளுடையது இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பின்னே யாருடையது என்று கேட்பாளே. அவர் பையோடு கீழே கடைக்கு இறங்கினார்.

பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். மருமகளின் அறை ஜன்னல் படிக்கட்டுப் பக்கம்தான் இருந்தது. கப்பலுக்குப் போன் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

"அழாதீங்க... நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் சரியில்ல. என்னை மன்னிச்சுடுங்க... இல்ல, நான் சொல்லித்தான் ஆகணும். என் ரத்தம் சரியில்ல, என்னை மன்னிச்சுடுங்க."

இன்னொரு தடவையும் மன்னிப்புக் கேட்டாள். ஐஸ்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் கேட்டார்.

கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பெட்டியைப் பிரித்து, உள்ளே எட்டாக மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தார். எறும்பு எழுத்து. சர்க்யூட் போர்டு பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் படித்தார். பதினாறாவது வரியில் இருந்தது. உறைய விடக் கூடாது. உறைந்தால் பயன்படுத்தக் கூடாது. ஒரு மாசமாக இந்தக் காகிதம் அவர் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. எந்தக் கம்ப்ரஸர் வந்தாலும் கூட வருகிற புத்தகத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், இதைப் பிரிக்கக்கூட இல்லை.

இன்னொரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கடைக்குப் போன் போட்டார். பேர் சொல்லவில்லை, தெரிந்தவர் வீட்டு விஷயம் என்றார்.

"உறைஞ்சு உருகின ஊசி வேலை செய்யும்னும் சொல்ல முடியாது சார், செய்யாதுன்னும் சொல்ல முடியாது," என்றான் அந்தப் பக்கத்துக்காரன். "ஆனா ஒண்ணு. அதைப் போட்டுட்டு, மருந்து அவங்களுக்குக் கேக்கலைன்னு மட்டும் யாரும் முடிவு கட்டிடக் கூடாது. அது மருந்தே போடாத மாதிரிதான்."

போனை வைத்துவிட்டு ஐஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இப்போது அவர் மனசுக்குள் ஓடியதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நர்ஸ் அல்பம் என்று நினைப்பாள், நினைத்துவிட்டுப் போகட்டும். பெட்டியைச் சாக்கடையில் போட்டால் காரியம் முடிந்தது. மருமகள் ஐந்து மணிக்குப் படிவத்தைக் கொடுப்பாள். டாங்கிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். மகன் வந்து இறங்கும்போது அப்பா என்று கூப்பிடுவான், அவளும் மாமா என்று கூப்பிடுவாள். வீட்டில் பழையபடி எல்லாம் நடக்கும். அந்த ஒன்று மட்டும் போயிருக்கும். அவள் ஆயுசுக்கும் தன் ரத்தத்தைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மருமகள் படியிறங்கி, கடையைப் பார்க்காமலே, கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாமனார் சட்டையை மாற்றக்கூட இல்லை. நாலு மணிக்குக் கிளம்பினார்.

*

கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் ஓர் அறை. அங்கேதான் மருமகளின் மெஷின் இருந்தது. வட்டமாக வருகிற லென்ஸை ஃப்ரேமுக்குப் பொருந்துகிற மாதிரி ஓரம் தேய்ப்பது அவள் வேலை. தேய்க்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் விடும். மாமனார் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"என்ன மாமா? நான் தனியாவே போய்க் குடுத்துடுவேன். நீங்க எதுக்கு அலையறீங்க?"

"அந்தப் படிவத்தைக் குடுக்காதம்மா."

"மாமா, தயவுபண்ணி ஆரம்பிக்காதீங்க. எனக்குச் சக்தி இல்ல."

"ஊசி உறைஞ்சு போச்சும்மா."

அவளுக்குப் புரியவில்லை. ஐஸ்காரர் சொன்னார். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது, காலையில் பார்த்தது, துணியில் பரப்பியது, திரும்ப அடுக்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார். நர்ஸ் கேட்டதையும் தான் இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னார்.  தெரியாமல் செய்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றி வைக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

மருமகள் சுவிட்சை அணைத்தாள். மெஷின் சுற்றி ஓய்ந்தது.

"என்னிக்கு?"

"பதினெட்டு நாளைக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை."

"அதுக்கப்புறம் எத்தனை போட்டேன்?"

"பதினெட்டு."

"பதினெட்டையும் நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

"ஆமாம்மா."

"ஒரு தடவை வலி தாங்காம, இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம் மாமான்னு அழுதேன். ஞாபகம் இருக்கா? கண்ணைத் தொடைச்சு விட்டு, போட்டுக்கம்மா, அது நம்ம குழந்தைக்குன்னு சொன்னீங்க. அதுவும் இந்தப் பதினெட்டுல ஒண்ணா?"

ஐஸ்காரரால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல வேற வாங்கியிருப்போமே மாமா." அவள் குரல் உயரவே இல்லை. "சிரிச்சிருப்போம். உங்க ஃப்ரிட்ஜைச் சொல்லி ஒரு வாரம் கிண்டல் பண்ணியிருப்பேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நல்ல ஊசியா இருந்திருந்தா தங்கியிருக்குமா?"

"தெரியாதாம்மா. கேட்டுப் பார்த்துட்டேன். யாராலயும் சொல்ல முடியாதாம்."

"அப்ப ஆயுசுக்கும் தெரியாது." அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மத்தியானம் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். என் ரத்தம் சரியில்லைன்னு கேட்டேன். நீங்க அப்ப படியிலதான் நின்னீங்க, செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லத் தோணலை."

 திட்டினால் தேவலை, கையில் இருக்கிறதை எடுத்து எறிந்தால்கூடத் தேவலை என்று நின்றார். அவள் கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். "விட்டுவிடலாம்" என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான்காகக் கிழித்து, கண்ணாடித் தூள் கிடந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"வேற ஒண்ணு கேட்டு வாங்கிக்கறேன். நடந்ததை டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க வர வேண்டாம்."

"சரிம்மா."

"இனிமே என் மருந்தை நீங்க தொடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் வரக் கூடாது."

"சரிம்மா."

அவள் தேய்த்து வைத்திருந்த லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், ஃப்ரேமில் வைத்து அழுத்தினாள். அது உட்காரவில்லை. மறுபடி அழுத்தினாள். 

"அத்தைக்குத் தெரியுமா?" என்றாள்.

"இல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"அப்ப போய்ச் சொல்லுங்க. மத்தியானம் அவங்க பேசினது எனக்கு ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. அந்த உடம்புல எதுவும் தங்காதுன்னு சொன்னாங்க. அதை அவங்க வாயாலயே திரும்ப எடுக்கணும். எடுத்தாத்தான் நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன். கடை எட்டு மணிக்கு மூடுவாங்க. அதுக்கப்புறம் என் தோழி வீட்டுக்குப் போயிடுவேன்."

*

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் நம்பவில்லை. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுஷா, உங்க பவிசுக்கு ஒரு அளவே கிடையாதா?" என்று கத்தினாள். ஐஸ்காரர் எதிரில் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். கத்தி முடித்ததும் அவள் குரல் திடீரென்று இறங்கியது.

"யாருக்கும் தெரிய வேண்டாம். பையன் காதுல விழுந்துதுன்னா அப்பன் முகத்துலயே முழிக்க மாட்டான். அவகிட்டயும் மூச்சு விடாதீங்க."

"அவகிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்."

மனைவி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ மத்தியானம் சொன்னதைத் திரும்ப எடுக்கணுமாம். எடுத்தாத்தான் வருவாளாம். எட்டு மணி வரைக்கும் கடையில இருப்பா."

"நான் என்னத்தை எடுக்கறது?" அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "உறைய வச்சது நீங்க, மன்னிப்பு கேக்கறது நானா? முதல் ரெண்டு தடவை என்ன ஆச்சு? அப்ப எந்த ஃப்ரிட்ஜு உறைஞ்சுது? ரத்தம் அவளுதுதானே? இல்லாததையா சொன்னேன் நான்?"

நாற்பது வருஷமாக அவள் இப்படி ஆரம்பித்தால் ஐஸ்காரர் படியிறங்கிவிடுவார். இன்று இறங்கவில்லை.

"இல்லாததைத்தான் சொன்ன. அந்த உடம்புல தங்கவே தங்காதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தங்கறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. அதை நான் கெடுத்துட்டேன். அவ தன்னையே திட்டிக்கிட்டு மூணு தடவை மன்னிப்புக் கேட்டா, தெரியுமா உனக்கு? நான் செஞ்ச தப்புக்கு."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னால முடியாது."

"சரி, உன் இஷ்டம். நான் கடை வாசல்ல போய் நிக்கறேன். அவ தோழி வீட்டுக்குத்தான் போவான்னா, அது வரைக்கும் பின்னாலயே போய் விட்டுட்டு வரேன். என்கூடப் பேச மாட்டா, பேச வேண்டாம்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தார். மணி ஏழே கால். ஏழு மணிக்கு எதற்கோ எங்கேயோ இருக்க வேண்டும் என்று கை பரபரத்தது. இன்று யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோதுதான், காலையிலிருந்து வராத அழுகை வந்தது. தெருவிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, புறங்கையால் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பத்தடி போயிருப்பார். மேல் ஜன்னல் திறந்தது.

"ஏங்க!"

நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் மனைவியின் முகம் தெரியவில்லை. கோபமா, இறங்கி வருகிறாளா என்று குரலை வைத்தும் சொல்ல முடியவில்லை.

"சாப்பாடு எத்தனை பேருக்கு வைக்கட்டும்?"

ஐஸ்காரர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அவருக்கு எப்படித் தெரியும்?